கிண்ணமா, முகங்களா?



கடந்த மாதம் கிளிநொச்சி மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் எங்கள் பெண்கள் ஒன்றுகூடல் நடந்தது. முன்பள்ளிக் கட்டடத்தில் பாய் விரித்து இருபது பேர் வரையில் இருந்தோம். வந்தவர்களுக்குள் ஒரு கலகலப்பு உண்டாகட்டும் என்று நினைத்து, நான் கொண்டுபோயிருந்த படமொன்றைச் சுற்றுக்கு விட்டேன். கறுப்பும் வெள்ளையும் மட்டுமே உள்ள படம். நடுவில் கறுப்பு, இரு கரையிலும் வெள்ளை. "என்ன தெரிகிறது என்று மனதுக்குள் வைத்திருங்கள், பிறகு கேட்கிறேன்" என்றேன். எங்கள் பெண்கள் அப்படிப் பேசாமல் இருப்பார்களா?

"பூச்சாடி" என்றார் ஒருவர். "பூச்சாடி இல்லை, கிண்ணம்" என்றார் பக்கத்தில் இருந்தவர். "உங்களுக்கென்ன கண் தெரியேல்லையோ? இரண்டு பேர் ஆளை ஆள் பாத்துக்கொண்டு நிக்கினம்" என்றார் இன்னொருவர். பிறகென்ன, பிளேன்ரீ ஆறும் வரைக்கும் ஒரே வாக்குவாதம்தான். விரலால் கோடு காட்டி விளங்கப்படுத்திய பின்னர் அநேகமானவர்களுக்கு இரண்டும் தெரிந்தன. சுவரோரமாக இருந்த வயதான அம்மா ஒருவர் மட்டும், "எனக்கு அந்த இரண்டு ஆக்கள்தான் பிள்ளை தெரியினம். நீங்கள் சொல்லுற கிண்ணம் எனக்குப் பிடிபடேல்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பின்னர் அந்த அம்மா என்னருகில் வந்தார்.

"பிள்ளை, எனக்கு வீட்டிலையும் இப்பிடித்தான். இரவிலை கிணத்தடியிலை ஒருத்தன் நிக்கிறான், தொப்பியோடை. விடியப் போய்ப் பாத்தா தண்ணிப் பரலும் அதுக்கு மேலை கவிட்டு வைச்ச வாளியும். பரல்தான் எண்டு எனக்குத் தெரியும். ஆனா அடுத்த நாள் இரவும் அவன்தான் நிக்கிறான். எனக்கு விசர் எண்டு மகன் சொல்லுறான். எனக்கு விசரோ பிள்ளை?"

பஸ் பிடிக்கும் அவசரத்தில் இருந்த நான், "அதொன்றுமில்லை அம்மா, வெறும் மனப்பிரமை. யோசிக்காதேங்கோ" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆறுதலடைந்துவிட்டார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து அவருடைய மருமகள் சொல்லித்தான் விடயம் எனக்குத் தெரியவந்தது. அந்த அம்மா பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிப்பதில்லையாம். மலசலகூடம் கிணற்றடிக்கு அப்பால் இருக்கிறது. இரவில் வெளியே போகாமல் இருப்பதற்காக அவர் கண்டுபிடித்த வழி அது. சலக்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்த பின்னர்தான் வீட்டாருக்கே தெரிந்திருக்கிறது. "ஏன் மாமி சொல்லேல்லை?" என்று கேட்டதற்கு, "அந்தப் பிள்ளையும் பிரமை எண்டுதானே சொன்னது. திரும்பச் சொன்னால் விசரி எண்டு எழுதிப்போடுவினம்" என்றாராம்.

ஒரே ஒரு சொல்லால் அவருடைய கேள்விக்கு நான் கதவைச் சாத்திவிட்டிருந்தேன். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இந்த மாதம் எழுதுகிறேன். அவருடைய சம்மதத்துடனேயே எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

படத்தின் கதை

முதலில் அந்தப் படத்தை நீங்களே செய்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு கறுப்புக் காகிதத்தை நீளப்பாட்டில் இரண்டாக மடியுங்கள். மடிப்பின் பக்கம் மூக்கு பார்க்கும்படியாக ஒரு மனித முகத்தின் பக்கத் தோற்றத்தை, நெற்றி, மூக்கு, உதடு, நாடி என்று மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் வரையுங்கள். அந்தக் கோட்டின் வழியே வெட்டி, மடிப்போடு இருக்கும் துண்டை விரித்து ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். கறுப்பைப் பார்த்தால் ஒரு கிண்ணம். வெள்ளையைப் பார்த்தால் எதிரெதிரே இரண்டு முகங்கள். கிண்ணத்தின் விளிம்பும் முகத்தின் விளிம்பும் ஒரே கோடுதான். அந்தக் கோடு கிண்ணத்துக்குச் சொந்தமா, முகத்துக்குச் சொந்தமா என்பதை நம் மூளை முடிவு செய்கிறது. ஒரே நேரத்தில் இரண்டுக்கும் கொடுக்க அதனால் இயலாது. அதனால்தான் சற்றுநேரம் கிண்ணமும் சற்றுநேரம் முகங்களுமாக மாறி மாறித் தெரிகின்றது.

டென்மார்க் நாட்டின் உளவியலாளர் எட்கார் ரூபின் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் மூலம் இந்தப் படம் உலகெங்கும் பிரபலமானது. ஆனால் இத்தகைய படங்கள் அதற்கும் முந்தியவை. 1793ஆம் ஆண்டில், புரட்சியின்போது, பிரான்சின் அரசர் பதினாறாம் லூயிக்கும் அரசி மரீ அந்துவானெத்துக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்களுக்காக வெளிப்படையாக அழுவது ஆபத்தாக இருந்த காலம் அது. அப்போது சில படங்கள் அச்சாகி உலாவின. பார்ப்பவருக்கு ஒரு மரமும் அதன் கீழே ஒரு சாம்பற் கலசமும் மட்டுமே தெரியும். ஆனால் கலசத்தின் இரு விளிம்புகளிலும் இறந்தவர்களின் முகங்கள் ஒளிந்திருக்கும். துக்கத்தை மனதில் வைத்திருந்தவர்களுக்கு அந்த முகங்கள் தெரிந்தன. மற்றவர்களுக்கு அது வெறும் கலசம்.

கண் பார்க்கிறதா, மூளை பார்க்கிறதா?

"கண்ணால் கண்டேன்" என்று நாம் சத்தியம் செய்வதுண்டு. உண்மையில் கண் செய்வது பாதி வேலைதான். வெளிச்சம் கண்ணுக்குள் புகுந்து பின்புறத்தில் உள்ள விழித்திரையில் விழுகிறது. அங்கிருந்து நரம்பு வழியாகச் செய்தி பின்மண்டைப் பக்கமாக உள்ள மூளைப் பகுதிக்குப் போகிறது. அந்தச் செய்தி ஒருபோதும் முழுமையானதல்ல. இருட்டில், தூரத்தில், பார்வை மங்கிய கண்ணில் அது இன்னும் குறைவு. குறையாக வந்த கடிதத்தை வாசிக்கிறவர் விடுபட்ட சொற்களைத் தானே போட்டு வாசிப்பதுபோல, மூளையும் தன்னிடம் ஏற்கெனவே உள்ள அனுபவத்தைக் கொண்டு இடைவெளிகளை நிரப்பிக்கொள்கிறது. ஜேர்மனிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார். பார்ப்பது என்பது நாம் அறியாமலே நமக்குள் நடக்கும் ஓர் ஊகம் என்பது அவருடைய கருத்து.

எனவே கிணற்றடியில் ஓர் உருவம் தெரிகிறது என்றால் அது கண்ணும் மூளையும் சேர்ந்து எடுத்த ஒரு முடிவு. அம்மாவின் கண்ணுக்கும் மகனின் கண்ணுக்கும் வந்த செய்தி ஏறக்குறைய ஒன்றுதான். இருவர் மூளையும் எடுத்த முடிவு வேறு. ஏன் வேறு?

படம் வருவதற்கு முன்னரே

இந்தக் கேள்விக்கு ஒரு முக்கியமான விடை 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் கிடைத்தது. நான் படித்தது சமூகவியல், மருத்துவம் அல்ல. ஆகையால் எனக்கு விளங்கிய அளவில் எளிமையாகச் சொல்கிறேன்.

நம் மூளையின் அடிப்பக்கத்தில் முகங்களைக் காணும்போது விசேடமாக இயங்கும் ஒரு சிறு பகுதி உண்டு. அமெரிக்க ஆய்வாளர் நான்சி கன்விஷரும் அவரது சகாக்களும் 1997ஆம் ஆண்டில் இதனைப் பற்றி விரிவாக எழுதினார்கள். மூளையின் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்யும்போது அங்கே இரத்தவோட்டமும் கூடும். அந்த மாற்றத்தை, தலையைத் திறக்காமல், ஊசி போடாமல், எம்.ஆர்.ஐ. ஸ்கான் இயந்திரத்தினால் வெளியிலிருந்தே அளக்க முடியும்.

2008ஆம் ஆண்டின் ஆய்வில், பிரான்சில் பணியாற்றிய கைடோ ஹெசல்மானும் அவரது சகாக்களும் சிலரை இந்த இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, நாங்கள் மேலே சொன்ன அதே கிண்ணப் படத்தைக் காட்டினார்கள். தொடர்ச்சியாக அல்ல. ஒரு செக்கனிலும் குறைந்த நேரம் படம் மின்னி மறையும். பிறகு நீண்ட இடைவெளி. மீண்டும் அதே படம். ஒவ்வொரு முறையும் கிண்ணம் தெரிந்ததா, முகங்கள் தெரிந்தனவா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். படம் மாறவில்லை. பார்ப்பவரும் மாறவில்லை. ஆனால் ஒரே ஆளுக்கே சில தடவை கிண்ணமும் சில தடவை முகங்களும் தெரிந்தன.

ஆய்வாளர்கள் அக்கறையோடு பார்த்தது, படம் தோன்றுவதற்குச் சற்று முன்னர் மூளையில் என்ன நடந்தது என்பதைத்தான். முகத்துக்குரிய அந்தப் பகுதியின் இயக்கம் படம் வருவதற்கு முன்னரே சற்று உயர்ந்திருந்த வேளைகளில், பார்ப்பவர்கள் முகங்களைக் கண்டதாகச் சொல்லும் சாத்தியம் கூடுதலாக இருந்தது. அப்போது கண்ணுக்கு முன்னால் எதுவுமே இல்லை. மூளை சும்மா இருக்கும்போதும் அதன் இயக்கம் தானாகவே கூடிக் குறைந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் எந்தப் பக்கம் கூடியிருந்ததோ அந்தப் பக்கம் பார்வை சாய்ந்தது.

நாங்கள் விறகடுப்பில் சமைக்கிறவர்கள். காலையில் சாம்பலைக் கிளறும்போது உள்ளே தணல் இருந்தால் ஓர் ஓலைக்கீற்றை வைத்த உடனே பிடித்துக்கொள்ளும். தணல் அணைந்திருந்தால் அதே ஓலை புகைந்துகொண்டுதான் இருக்கும். ஓலை ஒன்றுதான். மூளையும் அப்படித்தான். படம் வரும்போது அங்கே எந்தத் தணல் உயிரோடு இருக்கிறது என்பதையும் பொறுத்தே நாம் எதைக் காண்கிறோம் என்பது அமைகிறது.

அந்த ஆய்வில் நடந்தது கணப்பொழுதுக்குரிய சிறு ஏற்ற இறக்கம். ஆனால் காலமும் சூழலும் எதிர்பார்ப்பும்கூட நம் பார்வையைச் சாய்க்கின்றன. தாராவாகவும் முயலாகவும் தெரிகின்ற ஒரு படம் உண்டு. 1892ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஒரு நகைச்சுவைச் சஞ்சிகையில் வெளியானது. தாராவின் சொண்டு என்று நினைத்தது முயலின் காதாக மாறிவிடும். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகர மிருகக்காட்சிச்சாலை வாசலில் இதனைப் பலருக்கும் காட்டி, 1993ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். உயிர்த்த ஞாயிறு அன்று காட்டியபோது அநேகருக்கு முயல் தெரிந்தது. ஒக்டோபர் மாதத்து ஞாயிறொன்றில் காட்டியபோது அநேகருக்குப் பறவை தெரிந்தது. அந்த நாடுகளில் உயிர்த்த ஞாயிறுப் பண்டிகையின் அடையாளமே முயல்தான். கடைகளெங்கும் முயல் பொம்மைகளும் முயல் வடிவச் சொக்லேற்றுகளும் இருக்கும். மனம் முயலுக்கு ஆயத்தமாக இருந்தது. கண் முயலைக் கண்டது.

இப்போது அந்த அம்மாவிடம் திரும்புவோம். ஒரு பண்டிகைக் காலம் மனதை முயலுக்கு ஆயத்தப்படுத்தும் என்றால், வருடக்கணக்கான யுத்தம் மனதை எதற்கு ஆயத்தப்படுத்தும்? கிபிரின் இரைச்சலை மற்றவர்களுக்கு முதல் கேட்டவர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கினார். காட்டோரத்தில் அசைந்த நிழலை முதலில் கண்டவர் பாதையை மாற்றினார். அந்நாளில் நிழலை மனிதன் என்று பிழையாக நினைத்தவருக்கு ஒரு நட்டமும் இல்லை. மனிதனை நிழல் என்று பிழையாக நினைத்தவர் திரும்பி வரவில்லை. மூளை அந்தக் கணக்கைப் படித்துக்கொண்டது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னதற்காக மூளை அதை மறந்துவிடாது. பேராபத்தைக் கடந்தவர்களிடம் நெடுங்காலம் நீடிக்கக்கூடிய இந்த எச்சரிக்கை நிலையை மருத்துவம் நன்கு அறிந்திருக்கிறது. வாளியைத் தொப்பியாகக் காணும் மூளை பழுதடைந்த மூளை அல்ல. ஒரு காலத்தில் உயிரைக் காப்பாற்றித் தந்த மூளை. அதன் தணல் இன்னும் அணையவில்லை, அவ்வளவுதான்.

முகங்களை வாசிக்கும்போது

பரலையும் வாளியையும் விட அதிகமாக நம்மைத் தடுமாற வைக்கும் படம் ஒன்று உண்டு. அது மற்றவருடைய முகம்.

ஆச்சரியப்படும் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கண்கள் விரிந்து வாய் சற்றுத் திறந்திருக்கும். நல்ல செய்திக்கும் அந்த முகம்தான், கெட்ட செய்திக்கும் அந்த முகம்தான். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் இத்தகைய முகங்களைக் காட்டினார்கள். காட்டுவதற்கு முன்னர் ஒரு வசனம் கொடுக்கப்பட்டது. "இவர் 500 டொலரைத் தொலைத்துவிட்டார்" அல்லது "இவருக்கு 500 டொலர் கிடைத்திருக்கிறது" என்பது போன்ற வசனங்கள். மூளையின் உட்புறத்தில் வாதுமைக் கொட்டை வடிவில், ஆபத்தை உணர்வதில் பங்குகொள்ளும் ஒரு பகுதி உண்டு. அமிக்டலா என்பது அதன் பெயர். கெட்ட வசனத்தின் பின்னர் காட்டப்பட்ட ஆச்சரிய முகத்துக்கு இந்தப் பகுதி கூடுதலாக இயங்கியது. முகம் சொன்ன சேதியோடு, பார்ப்பவர் ஏற்கெனவே கேட்டிருந்த கதையும் சேர்ந்துகொண்டது.

பிள்ளைகளைப் பற்றிய ஆய்வொன்றும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டில் வெளியிட்டது. கோபமும் பயமும், கோபமும் கவலையும் என்று இரண்டு உணர்ச்சிகள் கலந்த முகப் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். வீட்டில் அடி உதைக்கு உள்ளான பிள்ளைகள், மற்றப் பிள்ளைகளை விடவும் அதிகமான முகங்களைக் கோப முகங்களாகவே கண்டார்கள். அடி விழப்போவதை முன்கூட்டியே அறிய வேண்டியிருந்த பிள்ளைக்குக் கோபத்தின் மிகச் சிறிய அடையாளமே போதுமாக இருந்தது.

இதனை வாசித்தபோது எனக்கு எங்கள் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. "ஏன் என்னை முறைக்கிறாய்?" என்று களைத்துப்போய் வந்த மகளைத் தாய் ஏசுகிறார். "ரீச்சர் எப்பவும் என்னிலை கோபம்" என்று பிள்ளை பாடசாலைக்குப் போக மறுக்கிறது. நிவாரணப் பட்டியலில் பெயர் பதியும் உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்க்காமல் எழுதுகிறார், அவமதிப்பு என்று நமக்குச் சுடுகிறது. சிலவேளை அது அவமதிப்பேதான். சிலவேளை அது வெறும் களைப்பு. ஒரே கோடு, இரண்டு படங்கள்.

நானும் இதற்கு விலக்கல்ல. அன்று முன்பள்ளி வாசலில் அந்த அம்மா பேசாமல் தலையாட்டியபோது அவருடைய முகத்தில் இரண்டு விடயங்கள் இருந்திருக்கும். எனக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. எனவே எனக்கு வசதியான ஒன்றைக் கண்டேன்.

அப்படியானால் எல்லாமே கற்பனையா?

இந்த இடத்தை நிதானமாக வாசியுங்கள். ஏனெனில் இந்த விஞ்ஞானத்தைப் பிழையாகப் பயன்படுத்தவும் இடமுண்டு. "எல்லாம் உன்ரை மூளை செய்யிற வேலை, அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை" என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும்.

ரூபினின் படத்தில் கிண்ணத்தையும் காணலாம், முகங்களையும் காணலாம். பசுமாட்டைக் காண முடியாது. படத்தில் உள்ளதற்குள்தான் மூளை தெரிவு செய்கிறது. அதிலும் இந்த ஆய்வுகள் எல்லாம் வேண்டுமென்றே இருபொருள்படத் தயாரிக்கப்பட்ட படங்களை, கண நேரம் காட்டிச் செய்யப்பட்டவை. பட்டப்பகலில், கைக்கெட்டிய தூரத்தில், உங்கள் வாழ்க்கையில் நடந்தவை இருபொருள்படும் படங்கள் அல்ல. யாரை இழந்தீர்கள், யாரை எங்கே கடைசியாகக் கண்டீர்கள் என்பது வாளியா தொப்பியா என்ற கேள்வி அல்ல. அதனை மனப்பிரமை என்று சொல்ல எந்த ஆய்வும் யாருக்கும் அனுமதி தரவில்லை.

அதேபோல, கிணற்றடியில் உண்மையாகவே ஒருவன் நிற்கின்ற இரவுகளும் உண்டு. ஆண் துணையின்றி வாழும் வீடுகளில் இது கற்பனை அல்ல என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே "பயப்படாதே, ஒன்றுமில்லை" என்பதும் சரியான அறிவுரை அல்ல. "இன்னொருமுறை பார்ப்போம், வெளிச்சத்தோடு பார்ப்போம், இன்னொருவரோடு பார்ப்போம்" என்பதே சரியானது.

என்ன செய்யலாம்?

முதலாவது, வெளிச்சம். இருட்டில் கண் அனுப்பும் செய்தி குறையக் குறைய மூளையின் ஊகம் கூடுகிறது. கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் போகும் வழியில் ஒரு சிறு மின்குமிழ், அதற்கு வசதியில்லாவிட்டால் தலைமாட்டில் ஒரு ரோர்ச் லைற், பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். ஒவ்வொரு இரவும் ஏமாற்றுகின்ற பொருளைப் பகலிலேயே இடம் மாற்றி வையுங்கள்.

இரண்டாவது, கண்ணைப் பரிசோதியுங்கள். வயது போகும்போது கண்ணில் வெண்புரை படர்ந்தால் எல்லாப் பொருளும் அரைகுறையாகவே தெரியும். நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும். மனதில்தான் குறை என்று முடிவு செய்வதற்கு முன்னர் ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்குக்குப் போய்வாருங்கள்.

மூன்றாவது, பார்வையை அதட்ட வேண்டாம். கிண்ணப் படத்தில் ஒன்றையே விடாமல் பிடித்துவைத்திருக்க முயன்று பாருங்கள். சற்று நேரத்தில் அது மற்றதாக மாறிவிடும். நம் கட்டளைக்கு அது முழுதாக அடங்குவதில்லை. ஆனால் கண்ணை வேறோர் இடத்தில் பதித்தால், வேறொன்றை எதிர்பார்த்தால், கொஞ்சம் கொஞ்சமாக மற்றப் படமும் பழகும். பயமும் அப்படித்தான். "பயப்படக் கூடாது" என்று உங்களை நீங்களே ஏசாதீர்கள். மூச்சை மெதுவாக விட்டு, "இது என்னவாக இருக்கலாம்? வேறு என்னவாகவும் இருக்கலாம்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். முகங்களுக்கும் இதே கேள்விகள்தான். "முறைக்கிறாயா?" என்பதற்குப் பதிலாக "களைச்சுப் போனியா பிள்ளை?" என்று கேட்டுப் பாருங்கள்.

நான்காவது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு. "விசர்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். உங்களுக்குக் கிண்ணம் தெரிகிறது என்பதற்காக மற்றவருக்கு முகம் தெரிவது பொய்யாகிவிடாது. கூட எழும்பி, கூடப் போய், கூடப் பாருங்கள். அவ்வளவு போதும்.

ஐந்தாவது, திடுக்கிடுதலும் கெட்ட கனவுகளும் நித்திரையின்மையும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அல்லது தண்ணீர், சாப்பாடு, வெளியே போதல் என்று அன்றாட வாழ்வையே குறுக்கிவிட்டால், அல்லது பகலிலும் யாருமில்லாத இடத்தில் குரல் கேட்டால், உங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே போவது விசர் என்று பெயர் எடுப்பதற்கல்ல. சலக்கடுப்புக்கு மருந்து எடுப்பது போலத்தான் இதுவும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். உண்மையாகவே யாராவது தொந்தரவு கொடுத்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

மீண்டும் அந்த வீட்டுக்கு

போன கிழமை நான் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். இம்முறை பஸ் நேரம் பார்க்கவில்லை. அன்று அவசரப்பட்டுப் பதில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். இங்கே எழுதியவற்றை, தணல் கதையையும் முயல் கதையையும், அவருக்கும் மகனுக்கும் சேர்த்துச் சொன்னேன். கண் கிளினிக்கில் வலது கண்ணில் வெண்புரை என்று சொல்லி ஒப்பரேசனுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்களாம். மகன் மேசன் வேலை செய்பவர். அதிகம் பேசாதவர். பரலைக் குசினிப் பக்கமாக உருட்டி வைத்துவிட்டு, மலசலகூடத்து வாசலில் ஒரு குமிழ் போட்டிருந்தார்.

பேரப்பிள்ளை கறுப்புக் காகிதத்தை வெட்டி அந்தப் படத்தைச் செய்து சுவரில் ஒட்டியிருந்தது. மகன் அதைப் பார்த்து "கிண்ணம்" என்றார். அம்மா "இரண்டு ஆக்கள்" என்றார். பிறகு மகன் அருகில் போய்க் குந்தியிருந்து, விரலால் விளிம்பைத் தொட்டுத் தொட்டு, "இதுதான் அம்மா கால், இது வாய்" என்று காட்டினார். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப கொஞ்சம் தெரியுது தம்பி" என்றார். சற்றுப் பொறுத்து, "பிறகும் ஆக்கள்தான் வருகினம். வரட்டும்" என்றார்.

கிணற்றடியில் இப்போதும் சில இரவுகளில் ஏதோ நிற்பதுபோலத் தெரிகிறதாம். ஆனால் மருமகளை எழுப்பிவிட்டுப் போகிறாராம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு செம்பு தண்ணீரும் குடிக்கிறாராம்.

சகோதரிகளே, அந்தக் காகிதப் படத்தை நீங்களும் செய்து வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கேட்டுப் பாருங்கள். யாருக்கு முதலில் என்ன தெரிந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். யாரும் சரியுமில்லை, யாரும் பிழையுமில்லை. அடுத்த மாதம் சந்திப்போம்.